12ஏ என்ற எழுத்தும் பிள்ளையின் நித்திரையும்

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு மண்டபத்தின் பின்வரிசையில் தேநீரோடு உட்காரும் நாங்கள் பெரும்பாலும் மூன்று விடயங்களைத்தான் கதைப்போம்: வீட்டு விலை, பதினொரு வயதுச் சோதனை, போன கிழமை பார்த்த தமிழ்ப் படம். நான் ஒரு வைத்தியசாலையில் சிறுவர் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நான்காவதாக இன்னொரு விடயமும் என்னைத் தேடி வரும். சில வாரங்களுக்கு முன்னர் ஒரு தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, மகள் இரண்டு கிழமையாத் தனியப் படுக்கிறாள் இல்லை. லைற்றை நிப்பாட்ட விடுறாள் இல்லை. நாங்கள் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதாலதானோ?"

மகளுக்கு எட்டு வயது. பார்த்தது தொடர் கொலைகாரன் ஒருவனைப் பொலிஸ் தேடும் திரில்லர் படம். "12ஏ எண்டுதானே போட்டிருந்தது. பெற்றோரோட போனால் பிரச்சினை இல்லை எண்டுதானே அதுக்கு அர்த்தம்?" என்றும் கேட்டார்.

அதற்கு அந்த அர்த்தம் இல்லை. ஆனால் அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்பது வருடங்களுக்கு முன்னர் நானும் அதே பிழையைத்தான் விட்டேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. விடுமுறை நாள், வீட்டில் எல்லோரும் ஒன்றாக வெளிக்கிட்டோம். "தமிழ்ப் படம்தானே, என்ன வரப்போகுது" என்று இவரும் சொன்னார், நானும் யோசிக்கவில்லை. இடைவேளைக்கு முன்னர் பிள்ளை என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நான் கண்ணைப் பொத்தினேன். காதைப் பொத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த இரவு அவன் கேட்ட கேள்வி இன்னும் நினைவில் நிற்கிறது: "அம்மா, அந்த ஆளுக்கு எங்கட வீட்டு இலக்கம் தெரியுமோ?" ஆறு வாரம் பாத்ரூமுக்குத் தனியப் போகவில்லை. நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்தது. வேலையில் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லும் நான் என் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தேன்.

அதன் பிறகுதான் போஸ்டரின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்து என்ன சொல்கிறது, யார் அதைப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன்.

எழுத்துச் சொல்வதும் சொல்லாததும்

பிரித்தானியாவில் இந்த வேலையைச் செய்வது பிரித்தானியத் திரைப்பட வகைப்படுத்தல் சபை. 1912இல் தணிக்கைச் சபையாகத் தொடங்கி, 1984இல் பெயரை மாற்றிக்கொண்டது. இது அரசாங்கத் திணைக்களம் அல்ல. படத்தை அனுப்பும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் இயங்கும், இலாப நோக்கமற்ற சுயாதீன அமைப்பு. திரையரங்குகளைப் பொறுத்தவரை சட்டப்படி இறுதி அதிகாரம் அந்தந்தப் பகுதிக் கவுன்சிலிடம் இருக்கிறது. பெரும்பாலும் எல்லாக் கவுன்சில்களும் சபை சொல்வதை ஏற்றுக்கொள்கின்றன. தமிழ்ப் படமாக இருந்தாலும் இங்கே திரையரங்குக்கு வருவதென்றால் இந்த வழியாலேதான் வர வேண்டும்.

'யு' என்றால் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். 'பி.ஜி.' என்றால் எட்டு வயதளவிலுள்ள பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடாது, ஆனால் அதைவிடச் சின்னப் பிள்ளைகளை, அல்லது மனம் இளகிய பிள்ளைகளை, பெற்றோர் யோசித்துக் கூட்டிப் போக வேண்டும். 15, 18 இரண்டும் வேலி. வயது வராத பிள்ளையைத் தாய் தகப்பனோடு வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள்.

நடுவில் நிற்கிற 12ஏ தான் எங்களைக் குழப்புவது. 2002ஆம் ஆண்டுக் கோடையில் 'ஸ்பைடர்மான்' படத்துக்கு 12 என்று போட்டார்கள். அப்போது அந்த 12 ஒரு முழு வேலி. பொம்மையும் பைஜாமாவும் வாங்கி வைத்திருந்த சின்னப் பிள்ளைகள் படத்துக்குப் போக முடியவில்லை. பெற்றோர் சத்தம் போட, சில கவுன்சில்கள் தாங்களாகவே விதியைத் தளர்த்தின. அதே ஆண்டு ஓகஸ்டில் 12ஏ வந்தது. படம் 12 வயதுக்கும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே பொருத்தமானது என்பது மாறவில்லை. பன்னிரண்டுக்குக் குறைந்த பிள்ளை பெரியவர் ஒருவரோடு வந்தால் கதவில் மறிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். முடிவெடுக்கும் பொறுப்பு சபையிடமிருந்து எங்கள் தலைக்கு மாறியது. நாங்களோ அதை அனுமதிப் பத்திரமாக எடுத்துக்கொண்டோம்.

சின்னதாக ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துக்குக் கீழே அல்லது பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: 'மிதமான வன்முறை', 'தொடர்ச்சியான அச்சுறுத்தல்', 'காயங்களின் விவரம்' என்பதுபோல. நான் பல வருடங்கள் அந்த வரியை வாசித்ததே இல்லை. திரில்லர் படத்தைப் பொறுத்தவரை எழுத்தைவிட அந்த வரிதான் முக்கியம். அடிதடி மிதமாக இருந்தாலும் 'தொடர்ச்சியான அச்சுறுத்தல்' என்று போட்டிருந்தால், இரண்டு மணித்தியாலமும் பிள்ளையின் மனது இறுகியபடியே இருக்கும் என்று அர்த்தம்.

எழுத்துக்குப் பின்னால் ஒரு வியாபாரம்

படத்தைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இந்த எழுத்து ஒரு சுகாதார அறிவிப்பு அல்ல, அது ரிக்கற் கணக்கு. 15 என்று வந்தால் பத்து வயதுப் பிள்ளை வர முடியாது. பத்து வயதுப் பிள்ளை வரவில்லையென்றால் தாயும் தகப்பனும் அப்பம்மாவும் வர மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு நான்கு ரிக்கற் போய்விடும்.

ஆகையால் என்ன நடக்கிறதென்றால், நிறுவனம் படத்தை முடிக்கு முன்னரே சபைக்குக் காட்டி ஆலோசனை கேட்கலாம். இப்படியே கொண்டுவந்தால் 15தான் வரும், இந்த இந்த இடத்தைக் குறைத்தால் நீங்கள் கேட்கும் 12ஏ கிடைக்கலாம் என்று சபை சொல்லும். நிறுவனம் வெட்டும். இதில் களவு ஒன்றும் இல்லை. வெட்டியதைச் சபை தன் இணையத்தளத்திலேயே எழுதி வைக்கிறது. ஆனால் அந்தப் படம் பிள்ளைகளை மனதில் வைத்து எடுத்த படம் அல்ல. பெரியவர்களுக்கென எடுத்து, ஓரத்தைச் சீவிப் பிள்ளைகளுக்கும் விற்ற படம்.

'டேக்கன் 2' என்ற ஆங்கிலத் திரில்லர் பலருக்கு நினைவிருக்கும். கடத்தலும் பழிவாங்கலும்தான் கதை. 2012இல் இந்த நாட்டுத் திரையரங்குகளுக்கு வெட்டப்பட்டு 12ஏ ஆக வந்தது. வீட்டில் பார்ப்பதற்கு வந்தபோது கூடுதல் வன்முறையோடு 15 வயதுப் பதிப்பும் வந்தது. ஆகவே "தியேட்டரில பார்த்த படம்தானே" என்று வீட்டில் போட்டால், பிள்ளை பார்ப்பது வேறு படமாகவும் இருக்கலாம்.

அதே 2012இல் ஹாமர் நிறுவனம் தயாரித்த 'த வுமன் இன் பிளாக்' வெளிவந்தது. பழைய வீடு, கறுப்பு உடைப் பெண், இறந்துபோன பிள்ளைகள் என்று போகும் பேய்க் கதை. நடித்தவர் ஹரி பொட்டராகப் பிள்ளைகளுக்குப் பழக்கமான டானியல் ராட்கிளிஃப். நிறுவனம் 12ஏ கேட்டது. அதற்காக ஆறு வினாடியளவு வெட்டினார்கள், சில காட்சிகளை இருட்டாக்கினார்கள், சில இடங்களில் சத்தத்தைக் குறைத்தார்கள். ஹரி பொட்டரைப் பார்க்க வந்த சின்னப் பிள்ளைகள் பயந்து நடுங்கினார்கள். அந்த ஆண்டு சபைக்கு மிக அதிகமான முறைப்பாடுகள் வந்தது இந்தப் படத்துக்குத்தான், மொத்தம் 134. அடுத்த பாகத்துக்கு 15 கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பட்ட விடயம் ஒன்று. வெட்டியவற்றில் சத்தமும் இருந்தது. பயமுறுத்துவது இரத்தம் மட்டும் அல்ல என்பது வகைப்படுத்துபவர்களுக்குத் தெரியும், படம் எடுப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அமைதி, மெல்லிய கிறீச்சுச் சத்தம், பிறகு திடீரென்று ஒரு அடி. இரத்தத்தை வினாடிக் கணக்கில் வெட்டலாம். காத்திருக்க வைக்கும் அந்தப் பயத்தை எந்த இடத்தில் வெட்டுவது?

ஒரே படம், இரண்டு எழுத்து

எங்கள் வீடுகளில் குழப்பம் இரட்டிப்பு. இந்தியச் சான்றிதழ் ஒன்று, இந்த நாட்டு எழுத்து ஒன்று.

இந்தியாவில் முன்னர் 'யு', 'ஏ' என்று இரண்டே இருந்தன. 1983இல் நடுவில் 'யு/ஏ' வந்தது, பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்று. அதற்குள் எல்லாம் அடங்கும். காதல் படமும் யு/ஏ, கழுத்தறுக்கும் படமும் யு/ஏ. 2023இல் சட்டத்தைத் திருத்தி, 2024இலிருந்து அதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு முன்னர் வந்த படங்களில் வெறும் யு/ஏ மட்டுமே இருக்கும், அது எந்த வயதுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

பழைய 'யு' சான்றிதழையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தமிழ்நாட்டில் 2011இலிருந்து கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழில் தலைப்பு மட்டும் போதாது, 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2017இல் ஜி.எஸ்.ரி. வரும்வரை இது இருந்தது. வரியில் மிஞ்சும் காசு சிறிய காசு அல்ல. அடிதடியும் கொலையும் உள்ள படத்தையும் எப்படியாவது 'யு'வுக்குள் கொண்டுவரத் தயாரிப்பாளர்கள் பாடுபட்டது ஏன் என்று இப்போது விளங்கும். இதோடு தொலைக்காட்சி உரிமையும் இருக்கிறது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே இந்தியத் தொலைக்காட்சியில் போட முடியாது. வெட்டித் திரும்பச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

2023இல் வந்த விஜய்யின் 'லியோ' இந்தியாவில் யு/ஏ, இங்கே 15. இங்கே வெளியிட்ட விநியோக நிறுவனம் ஒரு காட்சியையும் வெட்டாமல் 15 ஆகவே வெளியிடப்போவதாகவும், பிறகு 12ஏ பதிப்புக்கு மாறுவதாகவும் வெளிப்படையாக அறிவித்தது. அப்படி முன்கூட்டியே சொன்னது மெச்ச வேண்டியது என்பேன். "ஊரில பிள்ளைகள் எல்லாம் பாக்குதுகள், இஞ்ச மட்டும் ஏன் விடுறாங்கள் இல்லை" என்று அப்போது பல வீடுகளில் கேட்டது. படம் ஒன்றுதான். ஒரு நாட்டில் பெற்றோரிடம் விட்டார்கள், இன்னொரு நாட்டில் கதவை மூடினார்கள்.

2025இல் ரஜினிகாந்தின் 'கூலி' இந்தியாவில் 'ஏ' பெற்றது. வெட்டினால் யு/ஏ கிடைக்கும் என்ற நிலையில் வெட்டாமலேயே வெளியிட்டார்கள். ஓகஸ்ட் 14ஆம் திகதி படம் வந்த பிறகு, தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் யு/ஏ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதமே மனு தள்ளுபடியானது. அந்த வழக்கில் எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு எழுத்துக்காக இவ்வளவு பெரிய நிறுவனம் நீதிமன்றப் படி ஏறுகிறதென்றால், அந்த எழுத்தின் பெறுமதி பிள்ளையின் நித்திரையில் கணக்கிடப்படவில்லை என்பது மட்டும் தெளிவு.

பிள்ளையின் தலைக்குள் நடப்பது

ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 'இது நடிப்பு' என்று சொன்னால் தலையை ஆட்டும். ஆனால் அந்த அறிவு பயத்தை அடக்குமளவுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. அந்த வயதில் பயமுறுத்துவது தோற்றம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இதை ஆராய்ந்த ஜோன் கன்ரர் என்ற பேராசிரியர் ஹல்க் தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. ஹல்க் நல்லவன், ஆட்களைக் காப்பாற்றுபவன். ஆனாலும் மனிதன் பச்சை உருவமாக மாறும் கட்டம்தான் சின்னப் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியது. எட்டு வயது தாண்டிய பிள்ளைக்கு முகமூடியைவிட 'நடக்கக்கூடியது' என்பதுதான் பயம். கடத்தல், வீட்டுக்குள் யாரோ நுழைவது, தாய் தகப்பனுக்கு ஏதும் ஆவது. எங்கள் திரில்லர் படங்களில் பாதி இந்த மூன்றும்தான். அதனால் "பேய்ப் படம் இல்லை, பொலிஸ் படம்தானே" என்ற சமாதானம் பத்து வயதுப் பிள்ளைக்கு நேர்மாறாக வேலை செய்யும்.

1999இல் கன்ரரும் கிறிஸ்ரன் ஹரிசனும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் நூற்றைம்பது பேரளவில் கேட்டார்கள். சிறுவயதில் அல்லது பதின்ம வயதில் ஏதோ ஒரு படம் தங்களைப் பயமுறுத்தி, அந்தப் பயம் பிறகும் நீடித்தது என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். கால்வாசிப் பேருக்கு அதன் மிச்சம் வளர்ந்த பிறகும் இருந்தது. பயம் ஒரே முறையில் படியும், அழிய வருடக்கணக்கு எடுக்கும்.

நித்திரை பற்றி இன்னும் நேரடியான ஆய்வு ஒன்று அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் நடந்தது, 2012இல் வெளிவந்தது. 3 முதல் 5 வயது வரையான 565 பிள்ளைகள். ஒரு பகுதிக் குடும்பங்களிடம் ரி.வி. நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வன்முறையும் வயதுக்கு ஒவ்வாததும் உள்ள நிகழ்ச்சிக்குப் பதிலாக நல்ல நிகழ்ச்சியைப் போடச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளின் நித்திரைப் பிரச்சினை குறைந்தது. நாங்கள் எப்போதும் "எவ்வளவு நேரம் பார்க்கிறாய்" என்றுதான் சண்டை பிடிக்கிறோம். என்ன பார்க்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

தாய்மார் அடிக்கடி குழப்பும் இரண்டு விடயங்களைப் பிரித்துச் சொல்கிறேன். கெட்ட கனவு விடியப் பக்கமாக வரும். பிள்ளை முழித்துவிடும், கனவைச் சொல்லும், உங்களைக் கட்டிப்பிடிக்கும். அப்போது அணைத்து ஆறுதல் சொல்வதுதான் மருந்து. இரவுப் பீதி என்பது வேறு. படுத்து முதல் சில மணித்தியாலத்துக்குள் வரும். கண் திறந்திருக்கும், வீரிட்டு அழும், உங்களைத் தெரியாது, காலையில் ஒன்றும் நினைவிருக்காது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் இது சாதாரணம். உலுக்கி எழுப்பக் கூடாது. விழுந்து காயப்படாமல் பக்கத்தில் இருந்தால் தானாக அடங்கும். ஊரில் என்றால் இதற்குக் கண்ணூறு கழிப்பார்கள். கழிப்பதால் ஒரு கேடும் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் எழுப்பிக் கழிக்க வேண்டாம்!

பயந்த பிள்ளைக்கு

படத்தின் நடுவில் பிள்ளை பயந்தால் எழுந்து வெளியே போங்கள். ரிக்கற் காசு போனால் போகட்டும். "கொஞ்சம் பொறு, முடியப்போகுது" என்று நான் சொன்னேன், இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. கண்ணைப் பொத்துவது போதாது. சத்தம் காதால் போகும், காணாததை மனது தானே வரைந்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கம் வேலை செய்யாது. மடி, சூடான பால், பழகிய போர்வை, கதவைச் சிறிது திறந்து வைப்பது, இவைதான் வேலை செய்யும். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையோடு கதைக்கலாம். எந்தக் காட்சி என்று கேளுங்கள். அது எப்படி எடுக்கப்பட்டது, இரத்தம் எதால் செய்தது, அந்த வில்லன் நடிகர் வேறு படத்தில் எப்படிச் சிரிப்புக் காட்டினார் என்று காட்டலாம். என் மகனுக்கு இறுதியில் கைகொடுத்தது அதுதான். அந்த நடிகர் ஒரு நகைச்சுவைப் படத்தில் சாணியில் வழுக்கி விழும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஆம்பிளைப் பிள்ளை பயப்பிடலாமோ" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பயம் போகாது, பயத்தைச் சொல்வதுதான் நின்றுபோகும்.

சில வாரம் கடந்தும் நித்திரை சரியாகவில்லை, பாடசாலைக்குப் போக மறுக்கிறது, நின்ற பழக்கம் திரும்பி வருகிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 'ஒரு படம் பார்த்ததால்' என்று சொல்லத் தயங்க வேண்டாம். அது அவருக்குத் தேவையான தகவல்.

வீட்டுத் திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் நெட்ஃபிளிக்ஸில் வரும் படங்களுக்கு 2020ஆம் ஆண்டு இறுதியிலிருந்து இந்தச் சபையின் எழுத்தே போடப்படுகிறது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு, வயது எல்லை, பெரியவர் கணக்குக்கு இரகசிய இலக்கம் எல்லாம் வைக்கலாம். பத்து நிமிட வேலை. மற்றச் சேவைகளில் எழுத்து ஒரே மாதிரி இருக்காது. யூடியூபில் முழுப் படமாக ஏற்றி வைத்திருப்பவற்றில் பெரும்பாலும் எழுத்தே இல்லை. இன்னொரு இடைவெளி, வீட்டின் பெரிய ரி.வி. மாலை ஏழு மணிக்கு அப்பப்பா திரில்லர் படம் பார்ப்பார். கம்பளத்தில் பேரப்பிள்ளை 'விளையாடிக்கொண்டு' இருக்கும். பிள்ளை பார்க்கவில்லை என்று நாங்கள் நினைப்போம்.

எழுத்து அளக்காத இன்னொன்று

வயது எழுத்துப் பிள்ளைகளுக்கானது. ஆனால் எங்கள் சமூகத்தில் பயம் வயதைப் பார்த்து வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர், அறுபது தாண்டியவர், மருமகன் கூட்டிப்போன படத்தில் வெள்ளை வானில் ஆளைத் தூக்கும் காட்சி வந்ததும் எழுந்து வெளியே போய், மிச்சப் படம் முழுக்கக் கார் தரிப்பிடத்தில் நின்றார். "தலையிடி" என்று சொன்னார். அன்றிலிருந்து பல இரவு நித்திரை இல்லை என்று அவருடைய மனைவி பிறகு சொல்லித்தான் தெரியும். போரைக் கடந்து வந்தவர்களுக்கு துவக்குச் சத்தமும் பூட்ஸ் சத்தமும் சித்திரவதைக் காட்சியும் படமாக இருப்பதில்லை. திரையரங்கின் ஒலிபெருக்கி நெஞ்சுக்குள் அதிரும்போது உடம்பு பழைய இடத்துக்குப் போய்விடும். வியர்வை, படபடப்பு, மூச்சடைப்பு, பிறகு நாட்கணக்கில் முழிப்பு.

எழுத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஒரு வரியை இவர்களுக்காகவும் வாசிக்க வேண்டும். பெரியவர்களை அழைத்துப் போகு முன்னர் படம் எதைப் பற்றியது என்று சொல்லுங்கள். வர மனமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். இப்படியான தொந்தரவு நெடுநாள் நீடித்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்தவர்களுக்கான பேச்சு வழிச் சிகிச்சைச் சேவையில், குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் தாங்களே நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம், அதற்குக் காசு இல்லை. உறவினரை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். மகனுக்கு முன்னால் ஒரு தகப்பன் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்.

அந்த எட்டு வயது மகளின் தாய் போன சனிக்கிழமை திரும்ப வந்தார். லைற் இன்னும் எரிகிறதாம், ஆனால் கதவை மூடவிடுகிறாளாம். அடுத்த மாதம் வரப்போகும் படத்தின் போஸ்டரைக் கைத்தொலைபேசியில் காட்டி, கீழேயுள்ள வரியைப் பெரிதாக்கி, "அக்கா, இந்தச் சொல்லுக்குத் தமிழில என்ன?" என்று கேட்டார். 'அச்சுறுத்தல்' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் போவோம், பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுவீங்களோ என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் மகனுக்கு இப்போது பதினாறு. அடையாள அட்டையோடு நண்பர்களுடன் 15 படத்துக்குப் போய்விட்டு வருகிறான். வந்ததும் கதையைச் சொல்வான். எந்த இடத்தில் அம்மா கண்ணை மட்டுமல்ல, காதையும் பொத்த வேண்டும் என்றும் சொல்வான்.